தாத்தாவின் கிளாரினெட்

பத்தாம் வகுப்பு மாணவி

சென்ற ஆண்டு எங்கள் பங்குக் கோயில் திருவிழாவின் கடைசி நாள் இரவு. பாளையங்கோட்டைத் தெருவில் சப்பரம் வந்துகொண்டிருந்தது. நானும் வகுப்புத் தோழியரும் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றோம். சப்பரத்துக்கு முன்னால் பேண்டு வாத்தியக்காரர்கள் சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தொப்பியும் அணிந்து வாசித்து வந்தார்கள். முன்வரிசையில் கிளாரினெட் வாசித்தவர் என் தாத்தா. வாத்தியத்திலிருந்து வாயை எடுக்காமல் கண்ணாலேயே என்னைப் பார்த்துச் சிரித்தார். நானோ முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் கூலிக்கு வாசிப்பவர் என் தாத்தா என்று தோழியருக்குத் தெரிந்துவிடுமோ என்ற வெட்கம். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்; காரணம் பின்னால் வரும்.

இந்த ஆண்டு நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் என் வகுப்புக்குக் கிடைத்த தலைப்பு ‘ஒலி’. “வீட்டில் உள்ள ஒரு பொருளைக் கொண்டுவந்து, அதில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்று விளக்குங்கள்” என்றார் சிஸ்டர். எனக்கு ஒரு புல்லாங்குழல் வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்டேன். “தாத்தாகிட்ட இல்லாத குழலா? ஊருக்குப் போயிட்டு வா” என்றார் அப்பா.

தாத்தாவின் ஊர் சேரன்மகாதேவிக்கு அருகில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன். விஷயத்தைச் சொன்னதும் தாத்தா பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். கிளாரினெட் ஐந்து துண்டுகளாக உள்ளே படுத்திருந்தது. ஊதும் வாய்ப்பகுதி, பீப்பாய் போன்ற சிறிய இணைப்பு, மேல் குழல், கீழ் குழல், கடைசியில் மணி போல் விரிந்த பகுதி. அவற்றைப் பொருத்தினால் ஏறக்குறைய 66 செ.மீ. நீளம்.

பிறகு ஒரு சிறு தட்டையை எடுத்து நாக்கில் வைத்து நனைத்தார். “இதுதான் சீவாளி. நாகஸ்வரத்துக்கு ரெட்டைச் சீவாளி, இதுக்கு ஒத்தைதான். நாணல்ல சீவுறது. காய்ஞ்சு கிடந்தா பேசாது” என்றார். அதை வாய்ப்பகுதியில் வைத்து இறுக்கி, “ஏட்டி, ஊதிப் பாரு” என்று நீட்டினார். முதலில் வெறும் காற்று வந்தது. மீண்டும் ஊதினேன். கீச்சென்று ஓர் அலறல்! அடுக்களையிலிருந்த ஆச்சி, “கோழியை மிதிச்சிட்டியா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

ஊதும்போது சீவாளியின் மெல்லிய நுனி துடித்து, காற்று நுழையும் இடுக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மூடித் திறக்கிறது. அதனால் குழலுக்குள் இருக்கும் காற்றுத் தம்பம் அதிர்கிறது. துளையிலிருந்து விரலை எடுத்தால் அந்தத் தம்பம் குட்டையாகிச் சுருதி ஏறும். வலக்கைப் பெருவிரல் வாத்தியத்தைத் தாங்குவதால் வேலை செய்ய ஒன்பது விரல்களே மிச்சம். அவற்றுக்கு எட்டாத துளைகளை உலோகச் சாவிகள் மூடித் திறக்கின்றன.

பள்ளிக்குத் திரும்பியதும் சிஸ்டர் எனக்கு ஒரு புதிர் போட்டார். மேனாட்டுப் புல்லாங்குழலும் ஏறக்குறைய இதே நீளம்தான். அதன் மிகத் தாழ்ந்த ஸ்வரம் நொடிக்கு 262 அதிர்வுகள். கிளாரினெட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரமோ 147. ஒரே நீளத்தில் ஏன் இந்த வேறுபாடு? புல்லாங்குழல் இரு முனையும் திறந்த குழாய். கிளாரினெட்டிலோ சீவாளி உள்ள முனை மூடிய முனை போலாகிறது. அதனால் ஓர் அதிர்வு முடிவதற்குள் ஒலி அலை, குழலின் நீளத்தை இருமுறைக்குப் பதில் நான்கு முறை கடக்க வேண்டியிருக்கிறது. சிறிய குழலுக்குள்ளிருந்து அவ்வளவு ஆழமான நாதம் வருவது இதனால்தான்.

“புல்லாங்குழலைத் தம் கட்டி ஊதினா மேல் ஸா பேசும். இதுல இந்தச் சாவியை அமுக்குனா மேல் பா பேசும்” என்று தாத்தா சொல்லியிருந்தார். அதற்கும் விடை கிடைத்தது. ஒரு முனை மூடிய குழாயில் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை மடங்குகளே எழும். மூன்று மடங்கு அதிர்வுதான் மேல் ஸ்தாயிப் பஞ்சமம். நாகஸ்வரத்திலும் சீவாளி உண்டே என்பீர்கள். ஆனால் அதன் துளை கீழே போகப் போக விரிவதால் அது மேல் ஸ-வுக்கே தாவும். கிளாரினெட்டின் துளை பெரும்பாலும் ஒரே அகலம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட தாத்தா சொன்னது எதிலும் பிழையில்லை என்றார் சிஸ்டர்.

இந்த வாத்தியம் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 1700-ஆம் ஆண்டையொட்டி டென்னர் என்பவர் உருவாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் மகாதேவ நட்டுவனார் இதைச் சதிர்க் கச்சேரியில் சேர்த்தார் என்று இசை வரலாறு கூறுகிறது. விரலை நழுவவிட்டும் உதட்டைத் தளர்த்தியும் இதில் கமகம் பேச வைத்து, தனிக் கச்சேரி நடத்தும் பெருமையைத் தேடித் தந்தவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். சென்னை மியூசிக் அகாடமி 2008-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. நான் வெட்கப்பட்டது இந்த வாத்தியத்துக்காகவா!

அந்தச் சனிக்கிழமை மாலை ஆற்றங்கரையில் தாத்தா தம் கதையைச் சொன்னார். ‘கொஞ்சும் சலங்கை’ படம் வந்த 1962-இல் அவருக்கு வயது பன்னிரண்டு. பக்கத்து ஊரான காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை ஒலிபெருக்கியில் கேட்டு, தாமும் வாசிக்கத் துடித்தாராம். நாகஸ்வரம் வாங்க வசதியில்லை. கோயில் பேண்டில் ஒரு கிளாரினெட் சும்மா கிடந்தது. அதைத் தொட்டவர்தான், அந்தக் கூலியில்தான் என் அப்பா படித்தார்.

“ஒரு பாட்டு வாசிங்க தாத்தா” என்றேன்.

“இனி எங்கட்டி வாசிக்க? கீழ்ப்பல்லு போச்சே. சீவாளியை உதட்டுல தாங்கிப் பிடிக்க அடியில பல்லு வேணும். போன வருசச் சப்பரந்தான் கடைசி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் முகத்தைத் திருப்பிய அந்த இரவு! அழுதுகொண்டே, “அன்னைக்கு நான்...” என்று தொடங்கினேன். தாத்தா முடிக்க விடவில்லை. “ஆமா, காத்து பலமா அடிச்சுது. மெழுகுதிரி அணைஞ்சிரும்னுதானே திரும்பிக்கிட்டே? நான் பார்த்தேன்” என்றார்.

கண்காட்சி நாளன்று தாத்தா வெள்ளைச் சட்டை அணிந்து பள்ளிக்கு வந்தார். நான் விளக்கிச் சொல்ல, அவர் ஒரே ஒரு ஸ்வரத்தை, மிகத் தாழ்ந்ததை மட்டும், முடிந்தவரை நீட்டி ஊதிக் காட்டினார். நடுவில் நாதம் இரண்டு முறை உடைந்தது. அறை நிசப்தமாயிருந்தது. பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். “யாரடி இவர்?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“என் தாத்தா” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

பத்துக் கட்டளைகளில் நான்காவதைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவள் நான். அதன் பொருளை இந்த ஆண்டுதான் கற்றேன். இப்போது அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் தாத்தா எதிரே அமர்ந்து தாளம் போட, நான் ஊதிப் பழகுகிறேன். இன்னும் கீச்சென்றுதான் வருகிறது. ஆச்சி இன்னும் கோழியைத்தான் தேடுகிறாள்.