கேமரா வந்தது, மைக் வரவில்லை

மார்கழி 23

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்தாயிற்று. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து ரயிலில் வருகிற எங்களுக்கு அரியலூர் ஸ்டேஷன்தான். அங்கிருந்து பஸ், சுண்ணாம்புக்கல் டிப்பர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, ஒருவழியாகக் குன்னம் வந்து சேர்ந்தது. பையில் துணியைவிடச் சாமான் அதிகம். ரெக்கார்டர், ஷாட்கன் மைக், ஹெட்போன், மைக்கில் காற்று அடிக்காமலிருக்க மாட்டுகிற மொசுமொசு உறை. உறையைப் பார்த்துவிட்டு அம்மா, “என்னாடி இது, நாய்க்குட்டியப் பையில போட்டுக் கொண்டாந்திருக்க?” என்றாள்.

சாயங்காலம் அத்தை வந்தாள். “சத்தத்தப் படிக்கிறதுக்கா நாலு வருசம்?” போன தீபாவளிக்கும் இதே கேள்விதான். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். சினிமாவுக்குப் படிக்கிறாள் என்றால் நடிப்பு, இல்லாவிட்டால் டைரக்ஷன். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கமும் திரைக்கதையும், அனிமேஷன் என்று பல துறைகள் உண்டு. என்னுடையது ஒலிப்பதிவு. சான்றிதழில் அச்சாகப்போவது ‘இளங்கலை காட்சிக்கலை (ஒலிப்பதிவு)’. காதால் செய்கிற வேலைக்குக் காட்சிக்கலைப் பட்டம். இதைச் சொல்லி அத்தையை மேலும் குழப்பவில்லை. இந்த நிறுவனத்தின் வேர் 1945இல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் தொடங்கிய வகுப்புகளில் இருக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்ததே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும்தான். டைரக்ஷன் வகுப்பெல்லாம் பிறகு வந்தது. இதை மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். “அப்ப கவர்மெண்டே நடத்துற படிப்புதான்” என்று அவள் ஒருவாறு சமாதானமானாள்.

மார்கழி 25

விடிவதற்கு முன்பே மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். விடுமுறைக்கு எனக்கு நானே வைத்துக்கொண்ட வேலை, சொந்த ஊரின் ஒலிகளை இடமும் நேரமும் குறித்துப் பதிந்து எடுத்துப்போவது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சினிமாவுக்கு வழக்கமாக வைக்கிற அளவு.

மார்கழி விடியலில் அடுத்த ஊர்க் கோயில் மைக் செட் நம் தெருவிலேயே பாடும். பகலில் அதே மைக் செட் பாதி தூரம்கூட வராது. “பனிக்குச் சத்தம் தூரம் வரும்” என்பாள் அம்மா. வகுப்பில் இதற்குப் படம் போட்டுக் காட்டினார்கள். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. இந்த நேரத்தில் அது தலைகீழ். தரையோரம் குளிர், மேலே கொஞ்சம் வெப்பம். மேலே போகப் பார்க்கிற ஒலி தரைக்கே திரும்பி வளைகிறது. சூடு கூடினால் ஒலியின் வேகமும் கூடும்: 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 35 டிகிரியில் 350ஐத் தாண்டும். வளைவுக்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். அம்மா சொல்கிற பனியும் அதே குளிரால் வருவதால் அவள் கணக்கு தப்பவே தப்பாது.

ஹெட்போனில் கேட்டது: இரண்டு மூன்று ஊர்த் திருப்பாவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி. பிறகு மயில். எங்கள் பக்கம் இப்போது சேவலுக்கு முன்னால் மயில் கத்திவிடுகிறது. மக்காச்சோளக் கொல்லையில் இறங்கிக் கதிரைக் கொத்துவதால் விவசாயிகளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. பால்காரரின் டிவிஎஸ் எக்ஸ்எல். ரோட்டில் டிப்பர்.

மார்கழி 26

மைக் செட் மாமா கடைக்குப் போனேன். இந்தப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவென்றாலும் அவர் செட்தான். ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எத்தன வாட்ஸ் பாப்பா?”

“இது பாடாது மாமா. கேக்க மட்டும்தான் செய்யும்.”

“கேக்குற மிசினுக்கா இந்த வெல!”

ஒலிபெருக்கியின் சத்தம் மைக்குக்குள் திரும்பப் புகுந்து ஊளையிடுமே, அதைப் பற்றிப் பேச்சு வந்தது. நாங்கள் லேபில் எந்த அதிர்வெண் ஊளையிடுகிறது என்று திரையில் பார்த்து, அந்த இடத்தை மட்டும் குறைப்போம். மாமாவுக்குத் திரை இல்லை. ஊளை மூக்கிலிருந்து வருகிற மாதிரி இருந்தால் ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளைக் குறைப்பார்; தொண்டையிலிருந்து வந்தால் மைக்கைத் திருப்பிவைக்கச் சொல்வார். திருவிழாவுக்குக் கூம்பு கட்டும்போது ஒன்றை ஏரிப் பக்கம் திருப்பிவிடுவாராம், அதுவும் ஏரி நிறைந்திருந்தால் மட்டும். “தண்ணி மேல சத்தம் வழுக்கிக்கிட்டுப் போவும். அக்கரை ஊர்க்காரனுக்குத் தனியா செட் போட வேணாம்.” நீருக்கு மேலே குளிர்ந்து கிடக்கிற காற்றும் என் பாடப்புத்தகப் படமும் இதே விஷயம்தான். நான் அதைச் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. புத்தகத்தில் போட்டிருந்தால் சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு டீ சொன்னார்.

ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “எங் கடை இவ்ளோ எரைச்சலா?” என்றார். அடுத்த நிமிஷம் ஃபேனை நிறுத்திவிட்டு நாற்காலியைப் போட்டு ஏறிப் பார்த்தார். பேரிங் போய்விட்டதாம். வெறும் காதில் இத்தனை நாள் அது படவில்லை என்பதில் அவருக்குத்தான் வருத்தம். வாழ்நாள் முழுக்கச் சத்தத்தைத் தூரத்துக்கு எறிகிற வேலை செய்தவர் அவர். எனக்குச் சொல்லிக்கொடுப்பது, வருகிற சத்தத்தை வந்தபடியே வாங்கிக்கொள்ள.

மார்கழி 28

சித்தப்பா கொல்லையில் சின்ன வெங்காயம் பிடுங்குகிறார்கள். பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தாளை அறுத்துப் போடுகிற சத்தம் எனக்கு வேண்டும். மைக்கை நீட்டியதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ரெக்கார்டரை அவர்கள் கண்ணெதிரிலேயே கூடைமேல் வைத்து, ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, வரப்போரம் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிட்டார்கள். குழு லோன், யார் வீட்டு மருமகளோ, ஒரு செல்போன் பாட்டு, நடுவில் தாள் அறுபடுகிற சத்தம். பேச்சை அழித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் கொல்லையில் மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் ஓட ஆரம்பித்ததும் எதுவுமே கேட்கவில்லை. அதையும் பதிந்தேன். குன்னத்தின் தை மாதம் அந்த மெஷின்தான்.

ஸ்டூடியோ கம்ப்யூட்டர்களில் ஒலிக் களஞ்சியம் இருக்கும். கிராமம் என்று தேடினால் குயில், மாட்டு மணி, ஓடுகிற தண்ணீர், தூரத்தில் ஒரு நாய். மதுரைக் கதைக்கும் அதுதான், தஞ்சாவூர்க் கதைக்கும் அதுதான். சலசலத்து ஓடும் ஆறு எங்கள் ஊரில் இல்லை. ஏரி உண்டு, போர்வெல் மோட்டார் உண்டு.

1977இல் ‘16 வயதினிலே’ வந்தபோது தமிழ் சினிமா கிராமத்துக்குப் போனது என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. (அந்தக் கிராமம் மைசூர், கொள்ளேகால் பக்கத்தில் எடுத்தது என்பது வேறு விஷயம்.) கேமரா வந்தது, மைக் வரவில்லை. காரணம் இருந்தது. வெளிப்புறத்துக்குத் தூக்கிப்போன ஆரிஃப்ளெக்ஸ் 2சி கேமரா தையல் மிஷின் மாதிரி இரையும். அதன் பக்கத்தில் நின்று பேசுகிற நடிகரின் குரலைச் சுத்தமாக எடுக்க வழியில்லை. அடையாளத்துக்குப் பைலட் ட்ராக் எடுத்துவந்து, கோடம்பாக்கத்துக் குளிர் அறையில் எல்லாவற்றையும் மறுபடி பேசி ஒட்டினார்கள். பிறகு அந்த ஏற்பாடே சௌகரியமாகிவிட்டது. கதாநாயகிக்குத் தமிழ் வர வேண்டியதில்லை, வசனத்தைப் படம் எடுத்த பிறகும் மாற்றலாம், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை அதட்டி அடக்க வேண்டியதில்லை. இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் அப்படி இரைவதில்லை. காரணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கமல்ஹாசன் ‘ஹே ராம்’ (2000), ‘விருமாண்டி’ (2004) இரண்டையும் படப்பிடிப்பிலேயே நேரடியாக ஒலி பதிந்து எடுத்தார். அதன் பிறகாவது எல்லோரும் மாறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மாறியவர்கள் கொஞ்சப் பேர். இத்தனைக்கும் 1931இல் ‘காளிதாஸ்’ வந்த காலத்தில் நடிகர்கள் கேமரா முன்னாலேயே பேசி, பாடி, அங்கேயே பதிவானார்கள்.

போகி

வீட்டுக்கு வெள்ளையடித்த நாற்றத்தோடு போனில் சண்டை. டைரக்ஷன் துறையில் படிக்கும் நண்பன், டிப்ளமோ படத்தைக் குன்னத்தில் எடுக்கலாம் என்கிறான். அதுவரைக்கும் சந்தோஷம். “சவுண்டை டப்பிங்ல பாத்துக்கலாம்” என்றபோதுதான் ஆரம்பித்தது.

அவன் கையில் ஒரு துருப்புச்சீட்டு வைத்திருக்கிறான். 2022 ஜூலையில் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தபோது, படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலி பதிந்ததற்கான விருது ‘டொள்ளு’ என்ற கன்னடப் படத்துக்குப் போனது. அது டப்பிங் செய்த படம் என்று அந்தப் படத்தின் ஒலி வடிவமைப்பாளரே வெளியில் சொன்னார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்து 2009இல் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியும் அதை எடுத்துச் சொன்னார். “ஜூரிக்கே வித்தியாசம் தெரியலன்னா தியேட்டர்ல எவனுக்குத் தெரியப்போவுது?” என்கிறான்.

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூரிக்குத் தெரியாமல் போனது படம் பார்க்கிறவருக்கும் உறைக்காது என்று சொல்ல முடியுமா? வெயிலில் வெங்காய மூட்டை தூக்கிவந்து இறக்கியவர் பேசுகிற முதல் வார்த்தையில் மூச்சு பாதி. அதை ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவரிடம் திரும்ப வாங்க முடியாது. பார்க்கிறவர் ‘டப்பிங்’ என்று சொல்லமாட்டார். ஆள் நடிக்கிறான் என்பார். பழி நடிகர்மேல் விழும்.

தை 1

பொங்கல். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சித்தப்பா கேட்டார்: “யாராவது பெரிய டைரக்டர்கிட்ட அசிஸ்டெண்டா சேந்தா போதாதா? டிகிரி எதுக்கு?”

பாதி அவர் பக்கம்தான் நியாயம். பி.எஸ். வினோத்ராஜ் திரைப்படக் கல்லூரிக்குப் போனதில்லை. அவருடைய ‘கூழாங்கல்’ 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. வெற்றிமாறன் லயோலாவில் படித்தது ஆங்கில இலக்கியம். சினிமா கற்றது பாலுமகேந்திராவிடம். ஆனால் அந்த பாலுமகேந்திரா புனேயில் ஒளிப்பதிவு படித்தவர். ஆக, சித்தப்பா சொல்கிற குருகுல வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் எங்கேயோ ஒரு வகுப்பறை வந்துவிடுகிறது. அதே வெற்றிமாறன்தான் இன்று, வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்காகச் சென்னையில் கட்டணமில்லாமல் ஒரு திரைப் பயிற்சிக்கூடம் நடத்துகிறார். எங்கள் நிறுவனத்து மாணவர்கள் கூடி எடுத்த ‘ஊமை விழிகள்’ (1986) பற்றிச் சொன்னதும் சித்தப்பா முகம் மலர்ந்தது. அதை அந்தக் காலத்தில் எத்தனை தடவை பார்த்தார் என்று ஆரம்பித்துவிட்டார், விஜயகாந்துக்கு மேல் பேச்சு நகரவில்லை.

என் துறைக்கு அவர் யோசனை சரிவராது. உதவி இயக்குநர் கூட நின்று பார்த்தே பாதி கற்றுக்கொள்ளலாம். ஒலிப்பதிவில், சுவர் எதிரொலிப்பது ஏன், மைக் எந்தத் திசையைக் கேட்கும், எதைக் கேட்காது என்று யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பிறகு கருவியைக் கையில் கொடுக்கவும் வேண்டும். சொந்தமாக வாங்கிப் பழகுகிற வீடு அல்ல என்னுடையது. அரசு நிறுவனம் என்பதால்தான் நான் இதைப் படிக்கிறேன்.

மாட்டுப் பொங்கல்

மணிச் சத்தம் பதியலாம் என்று தெருவில் நின்றால் டிராக்டர்கள் வருகின்றன. கலர் பேப்பர், பலூன், முன்னால் கரும்பு, பாட்டு. மாடுகளும் வந்தன, குறைவாக. களஞ்சியத்து மணியை விட்டுவிட்டு இந்த ஊர்வலத்தை வைத்துக்கொள்கிறேன்.

தை 4

நண்பனுக்காக இடம் பார்க்க சாத்தனூர் கல்மரம். 18 மீட்டருக்குமேல் நீளமாகக் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டு பழையது என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னது. மரம் கல்லான காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல். அரியலூர் சிமெண்டுக்குப் போகிற சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனதுதான். இங்கே ஒரு காட்சி எடுத்து மெதுவாக அலைச் சத்தம் போடலாம் என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அழகான யோசனை. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. காற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

தை 6

நாளைக்கு ரயில். நண்பனுக்கு நீளமாகச் செய்தி அனுப்பினேன். நேரடி ஒலி என்றால் வருகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள். வசனத்தைப் பேசப்போகிறவர் இந்த ஊர்க்காரராக இருக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிஷம் அந்த இடத்தின் வெறும் ஒலியை எடுக்க விட வேண்டும்; லைட்டை இறக்குகிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது. மாசி பிறந்தால் மக்காச்சோளம் அடித்து முடிந்துவிடும், அதற்குள் வர வேண்டும். ஜெனரேட்டரை ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இறக்கத்தில்தான் நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சரி என்று போட்டுவிட்டு, ஜெனரேட்டர் அவ்வளவு தூரத்தில் நின்றால் கேபிளுக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டிருக்கிறான். கேபிள் மைக் செட் மாமாவிடம் சுருள் சுருளாகக் கிடக்கிறது. காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் வாடகை பேசிவிட வேண்டும்.