அருவியைப் பார்த்தீங்க... காலடியைப் பார்த்தீங்களா?

குற்றாலம் என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது நாலே நாலு. அருவி, எண்ணெய் மசாஜ், பார்டர் பரோட்டா, கையில் இருக்கும் பழத்தை வழிப்பறி செய்யும் குரங்கு! தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, காசி விசுவநாதர் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் பேரருவி. எல்லோரும் அண்ணாந்து பார்த்து ‘அடேங்கப்பா!’ என்கிறார்கள். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தொலைந்துபோன செருப்பைத் தேடும்போது தவிர!

குனிந்து பார்க்கவும் அங்கே ஒரு சமாச்சாரம் இருக்கிறது ஸார். தரையில் முளைக்கிற காட்டு ஆர்க்கிட்.

ஆர்க்கிட் என்றால் கல்யாண ரிசப்ஷன் மேடையில் ஊதா நிறத்தில் விறைப்பாக நிற்குமே, அந்தப் பூதான். அதன் காட்டுச் சொந்தக்காரர்கள் ஏராளம். 2019-ல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் போட்ட கணக்குப்படி நம் நாட்டில் 1,256 வகை. பாதிக்கு மேல் மரத்தில் தொற்றி வாழ்பவை. 447 வகை மட்டும் சமர்த்தாக மண்ணில் கால் ஊன்றியவை.

தென்காசிக்கு மேலே உள்ள மலைகளில் ஹாபனேரியா என்ற தரை ஆர்க்கிட் இனம் உண்டு. கோடையில் போனால் ஒன்றும் தெரியாது. கிழங்கு மண்ணுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். சாரல் விழுந்ததும் இலை விடும். சீசன் கூட்டம் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டு ஊர் திரும்புகிற ஆவணி, புரட்டாசி வாக்கில் புல்லுக்கு நடுவே தண்டு நீட்டிப் பூக்கும். வெள்ளையும் பச்சையுமாகப் பூ. பின்பக்கம் நீளமாக ஒரு வால். அதற்குள் தேன். இருட்டியதும் அந்துப்பூச்சி உறிஞ்சு குழலை விட்டு உறிஞ்சும்போது, மகரந்தப் பொட்டலம் அதன் தலையில் பசை போட்டு ஒட்டிக்கொள்ளும். அதை அடுத்த பூவுக்கு டெலிவரி செய்வது பூச்சியின் வேலை. கூலி, குடித்த தேன்!

பி.காம் படித்தவன் என்பதால் இதன் வரவு-செலவுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள். தூசி மாதிரி காற்றில் பறக்கும். ஆனால் கையில் முதல் கிடையாது! நெல்லுக்கும் அவரைக்கும் விதைக்குள்ளேயே சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறது இயற்கை. ஆர்க்கிட்டுக்கு அது இல்லை. மண்ணில் இருக்கும் ஒருவகைப் பூஞ்சை வந்து கடன் கொடுத்தால்தான் முளைக்கும். அந்த பாங்க் இல்லாத இடத்தில் அத்தனை விதையும் திவால்!

இது புரியாமல்தான் ‘அழகா இருக்கே, வீட்டுத் தொட்டியில வெச்சுக்கலாம்’ என்று சிலர் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். செடியை எடுக்கலாம், அது கணக்கு வைத்திருந்த பாங்கை எடுத்து வர முடியுமா? மாடித் தோட்டத்துக் கம்போஸ்ட்டில் கொஞ்ச நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொரு ஆபத்து, கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் ‘சாலாமிசிரி’ கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பொட்டலம் மடிப்பார். ஆண்மைக்கு நல்லது என்று காலம்காலமாக நம்பிக்கை. அது வேறொன்றுமில்லை, தரை ஆர்க்கிட் கிழங்குதான். ‘ஆர்க்கிட்’ என்ற பேரே, ஆணின் உடம்பில் ஜோடியாக இருக்கும் ஒன்றுக்கான கிரேக்க வார்த்தையிலிருந்து வந்தது. இதற்கு மேல் எழுதினால் ஆசிரியர் கத்திரியை எடுப்பார்! துருக்கியில் இதை மாவாக்கிப் பாலில் கலந்து குடிக்கிறார்கள். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரம் கிழங்குக்கு மேல் தோண்ட வேண்டும். அதாவது அத்தனை செடிக்கும் காரியம் முடிந்தது.

தோண்டித் தோண்டி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. குற்றாலத்துக்குத் தெற்கே அகத்தியமலை. அங்கே மட்டும் வாழ்கிற மஞ்சள் செருப்பு ஆர்க்கிட்டை 1865-ல் கர்னல் ட்ரூரி கண்டுபிடித்தார். தென்னிந்தியாவின் ஒரே செருப்பு ஆர்க்கிட் அதுதான். பிறகு ரொம்ப காலம் ஆளையே காணோம். அழிந்தே போச்சு என்று கை கழுவிவிட்டார்கள். 1972-ல் மறுபடி தென்பட்டது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் சேகரிப்பவர்களும் மூட்டையோடு வந்துவிட்டார்கள். இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. பறித்தால் வனவிலங்குச் சட்டம் பாயும்.

சரி, பறிப்பவர்களைப் பற்றியே பேசுகிறோமே... வரைந்தவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனி டாக்டர் ராபர்ட் வைட் 1830-களில் குற்றாலத்தில் செடி சேகரித்தார். அவரிடம் ரங்கையா, கோவிந்து என்று இரண்டு தெலுங்கு ஓவியர்கள் வேலை பார்த்தார்கள். வைட் வெளியிட்ட இந்தியத் தாவரப் படத் தொகுதிகளில் மொத்தம் இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள். எத்தனையோ துரைமார்கள் ஒருவருக்கொருவர் பேர் சூட்டிக்கொண்டிருந்த காலத்தில், வைட் 1853-ல் ஒரு தரை ஆர்க்கிட்டுக்கு ‘கோவிந்தூயா’ என்று தன் ஓவியர் பேரை வைத்தார். பிற்பாடு விஞ்ஞானிகள் அதை டிரோபிடியா என்ற பழைய இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். கோவிந்து பேர் போச்சு. படம் இருக்கிறது!

அன்றைக்குக் கைக்கு அடக்கமான காமிரா கிடையாது. செடியைப் பறித்து வந்து எதிரே வைத்துத்தான் வரைய வேண்டும். இன்று உங்கள் சட்டைப்பையிலேயே காமிரா. காட்டுக்குள் ஏற வனத்துறை அனுமதி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மலையோரப் புல்சரிவில் வால் வைத்த வெள்ளைப் பூ கண்ணில் பட்டால் உட்காருங்கள். ஒரு போட்டோ எடுங்கள். வந்த வழியே திரும்புங்கள்.

செல்போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குரங்கு பார்த்துக்கிட்டே இருக்கு!