எருக்குக்கு ஒரு வாரம் கெடு

"வீட்டுல யாராச்சும் எருக்கு வளர்ப்பாங்களாம்மா? ஞாயித்துக்கிழமை ஆள் வெச்சுப் பிடுங்கிடறேன்" என்று மகன் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. மதுரைப் புறநகரில் அந்த வீட்டின் கொல்லையில் ஆவாரை, தும்பை, நொச்சி எல்லாம் அவர் வைத்தவை. எருக்கு மட்டும் தானாக முளைத்தது.

மறுநாள் காலை 7 மணிக்கே மகனின் பழைய போனுடன் செடி முன் உட்கார்ந்துவிட்டார். உச்சி வெயிலில் எடுத்தால் எருக்கம்பூவின் வெளிர் ஊதா வெளுத்துப்போகும். நாலைந்து படம் வீணான பிறகே அது பிடிபட்டது. பூவின் உயரத்துக்கு இறங்கியும் எடுக்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது சின்ன வேலையா என்ன!

இலைக்கு அடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு ஒரு புழு. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எருக்கும் அதன் இனச் செடிகளும்தான் அதற்குச் சாப்பாடு. ரோஜாத் தொட்டியைக் காட்டி ஏமாற்ற முடியாது.

தினம் ஒரு படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். வெள்ளிக்கிழமை, பச்சை நிறக் கூட்டுப்புழு தொங்கியது. "அம்மாச்சி, எப்ப வெளிய வரும்?" என்று சென்னையிலிருந்து மகள்வழிப் பேத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறன்று மண்வெட்டியோடு ஆள் வந்தார்.

"கொல்லைப்பக்கம் வேணாம்ணே, முன்வாசல் புல்லை மட்டும் எடுங்க" என்ற மகன், அம்மாவிடம் திரும்பினார். "சுத்தி வேலி கட்டிருவோம்மா. அந்தப் பால் பிள்ளைங்க கண்ணுல பட்டா ஆபத்து."