கொல்லிமலையில் ஒரு லண்டன் பாட்டி

சேலத்திலிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அறப்பளீஸ்வரரைத் தரிசிப்பார்கள், ஆகாய கங்கையில் குளிப்பார்கள், திரும்பும்போது மிளகும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு வருவார்கள். போன தை மாதம் நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். ஆனால் இந்தத் தடவை மலையின் அழகைவிட, அந்த மலையில் வாழ்ந்து மறைந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டியின் கதைதான் என் மனசில் தங்கிவிட்டது. "இந்த வேலையும் வேண்டாம், இந்த ஊரும் வேண்டாம், வேறு தேசத்துக்குப் போய்ப் புது வாழ்க்கை தொடங்குகிறோம்" என்று சொல்கிற பிள்ளைகள் இப்போது வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்களே, அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேனில் நாங்கள் இரண்டு பேர், என் நாத்தனார், தங்கை மகன், அவன் மனைவி, அவர்களுடைய எட்டு வயசுக் குழந்தை. தங்கை மகனும் மருமகளும் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். கை நிறையச் சம்பளம். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கும் மீட்டிங், ஞாயிற்றுக்கிழமையும் போன். முப்பத்து நாலு வயசில் மருமகளுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. பார்க்கவே வயிற்றைப் பிசைகிறது.

நாமக்கல் வரும்வரை சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, கோழிப் பண்ணை, லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை. ஒரே பாறையில் எழுந்து நிற்கிற கோட்டையையும், கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற ஆஞ்சநேயரையும் கும்பிட்டுவிட்டு, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் தங்கை மகன் விஷயத்தைச் சொன்னான்.

"பெரியம்மா, நாங்க ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு நியூசிலாந்து போறதா இருக்கோம். அங்க நிம்மதியா இருக்கலாம். செட்டில் ஆகிற வரைக்கும் ரெண்டு வருஷம் பாப்பா அம்மாகிட்ட இருக்கட்டும்னு பார்க்கறோம்."

மருமகள் பேசவே இல்லை. குழந்தைக்குச் சட்னி தொட்டு ஊட்டிக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டுக்காரர் "உம்" என்றார். என் நாத்தனார் வேலூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான், "அடுத்த ஊர் சேந்தமங்கலம். அங்கே வேனை மெதுவா ஓட்டச் சொல்லுங்க, ஒரு கதை சொல்றேன்" என்றார்.

நாமக்கல்லிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மலையடிவாரத்துச் சமவெளியில் இருக்கிறது சேந்தமங்கலம். 1913ஆம் வருஷம் இந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜெஸ்ஸி பிராண்ட். கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் வைத்தியமும் படித்தவர். பெண் ஈவ்லின் ஹாரிஸ். லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்றவர். 1879இல் பிறந்தவர் என்பதால் கல்யாணத்தின்போது வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு பேரும் கிறிஸ்தவ ஊழியத்துக்காக வந்தவர்கள். கல்யாணமானதும் குடித்தனம் போனது எங்கே தெரியுமா? கொல்லிமலைக்கு!

இப்போது காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வேன் ஏறிவிடுகிறது. அப்போது ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்க வேண்டும். மேலே மலேரியா. கீழ்நாட்டுக்காரர்கள் ராத்திரி தங்கவே பயப்படுவார்களாம். அந்த இடத்தில் மரவீடு கட்டி, சீமை மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்தார்கள் இருவரும். 1914இல் மகன் பால் பிறந்தான். பின்னால் ஒரு பெண் குழந்தை.

போன உடனே யாரும் இவர்களைக் கொண்டாடிவிடவில்லை. வெள்ளைக்கார மருந்து என்றாலே மலைவாசிகள் ஒதுங்கிப் போனார்கள். 1918இல் உலகத்தையே உலுக்கிய விஷக் காய்ச்சல் மலைக்கும் ஏறி வந்தபோது, புருஷனும் பெண்டாட்டியும் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போய் நோயாளிகளுக்கு ஊட்டினார்கள். அதற்கப்புறம்தான் ஜனங்களின் மனசு இளகியது.

நோய் என்று சொன்னேனே, அந்தக் காலத்தில் மலையில் நரம்புச் சிலந்தி என்று ஒரு கொடுமை இருந்தது. நம்மில் வயசானவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தக் கிருமி இருக்கிற நீர்ப்பூச்சி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னது. குடிக்கிற தண்ணீரோடு அது வயிற்றுக்குள் போய்விடும். ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்து, முழ நீளத்துக்கும் மேலான புழு, பெரும்பாலும் காலில் கொப்புளம் உண்டாக்கிக்கொண்டு வெளியே வரும். இழுத்தால் அறுந்து சீழ் பிடித்துவிடும். ஒரு குச்சியில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் காலை வைத்தால் தண்ணீரில் குஞ்சுகள் பரவும், ஊரே அதைக் குடிக்கும். பிராண்ட் தம்பதியர் புழுவை எடுத்துவிட்டதோடு நிற்கவில்லை. யாரும் கிணற்றுத் தண்ணீரில் காலை வைக்க முடியாதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தாலே இந்த நோய் அண்டாது. பார்த்தீர்களா, ஒரு முழத் துணியில் இருக்கிறது ஆரோக்கியம்! பின்னாளில் அரசாங்கமும் ஜனங்களும் சேர்ந்து பாடுபட்டதில், 2000ஆம் ஆண்டு இந்தியாவில் இந்த நோய் அறவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த தங்கை மகன், "அப்ப தைரியமா போகலாம்னுதான சொல்றீங்க?" என்றான். "இரு, இன்னும் பாதிக் கதை இருக்கு" என்றார் நாத்தனார்.

1923இல் பாலுக்கு ஒன்பது வயசு. படிப்புக்காக அவனையும் தங்கையையும் லண்டனில் பாட்டி வீட்டில், தாயோடு பிறந்தவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். சில வருஷத்தில் விடுமுறைக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று எண்ணம். அப்பா மகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். மலையில் இருக்கிற மரம், செடி, பறவை எல்லாம் அதில் வரும். 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப் போகிற கடுமையான காய்ச்சல். சில நாளில் போய்விட்டார். நாற்பத்து நாலு வயசுதான். லண்டனுக்குத் தந்தி போனது. ஆனால் கடிதங்கள் கப்பலில் அல்லவா போக வேண்டும்? அப்பா இறந்த சேதி தெரிந்த பிறகும், அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டே இருந்தனவாம். பிரிந்த நாளுக்கு அப்புறம் அந்தப் பிள்ளைகள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அம்மா வந்தபோது, துக்கத்தில் ஒரேயடியாக மூப்பு தட்டியிருந்த அவரைப் பார்த்து மகன் திகைத்துவிட்டான்.

இதைச் சொல்லும்போது வேனில் சத்தமே இல்லை. மருமகள் குழந்தையை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். அந்தத் தம்பதியரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்தக் காலத்தில் மலையில் பள்ளிக்கூடமும் கிடையாது, விமானமும் கிடையாது. அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் இப்போது நமக்கு வழி இருக்கிறது.

ஈவ்லின் அம்மாள் அப்புறம் என்ன செய்தார்? இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். 1947 வாக்கில், அறுபத்தெட்டு வயசில், அவரை அனுப்பிய மிஷன் ஓய்வு கொடுத்தது. நாமாக இருந்தால் பேரன் பேத்திகளோடு உட்கார்ந்திருப்போம். அவர் மறுபடி கொல்லிமலைக்குத் தம் சொந்தப் பொறுப்பில் ஏறிவிட்டார்! அங்கிருந்து பச்சைமலை, கல்வராயன் மலை என்று குதிரைக் குட்டி மேல் ஏறிப் போய் மருந்து கொடுத்தார். விழுந்து எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். ஒரு காலத்தில் அழகி என்று பெயர் எடுத்தவர், கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்தாம் வயசில் காலமானார். மலைமேல் கணவர் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

மகன் பால்? யுத்த காலத்து லண்டனில் அறுவை வைத்தியம் படித்து, 1946இல் அவரும் கப்பல் ஏறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் கை கால் சிதைவது பெரும்பாலும் உணர்ச்சி போய்விடுவதால்தான், சூடும் காயமும் தெரியாததால்தான் என்று எடுத்துக்காட்டி, மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். டாக்டர் பால் பிராண்ட் என்றால் உலகமே அறியும்.

கதை முடியவும் எழுபதாவது வளைவு வரவும் சரியாக இருந்தது. சோளக்காட்டில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. சந்தையில் மலைவாழைப்பழம், சாமை அரிசி, பலா எல்லாம் குவித்திருந்தார்கள். மருமகள் மெல்ல என்னிடம், "அத்தை, அவங்க கஷ்டத்துக்குப் பயந்து வரலை. வேலை செய்ய வந்தாங்க. நாங்க ஓடிப்போறோமோ?" என்று கேட்டாள். "உடம்பு கெடறப்ப இடம் மாறறதுல தப்பே இல்லைம்மா. அங்க போய் என்ன செய்யப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க" என்றேன். அடுத்த வாரம் போனில், "போறதா இருந்தா மூணு பேருமாத்தான் போவோம் பெரியம்மா" என்று தங்கை மகன் சொன்னான். தேதி இன்னும் குறிக்கவில்லை.

அக்கம்பக்கத்திலும் இதே பேச்சு இருப்பதால், சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளிடம் இந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்:

1. இங்கே எதை விட்டுப் போகிறீர்கள் என்று தெரியும். அங்கே எந்த வேலையைத் தேடிப் போகிறீர்கள்?

2. குழந்தை யாரிடம் இருக்கும்? "கொஞ்ச நாள்" என்றால் எத்தனை மாதம்? அந்தக் கணக்கைத் தாளில் எழுதுங்கள்.

3. வேலை கிடைக்கத் தாமதமானால் ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் கையில் பணம் இருக்கிறதா?

4. அக்கம்பக்கத்தாரோடு கலந்து பழகுவீர்களா? கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் கொல்லிமலை அந்த லண்டன் பெண்ணை ஏற்றுக்கொண்டது.

நீங்களும் கொல்லிமலைக்குப் போனால் வளைவுகளில் தலை சுற்றாமல் இருக்க எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், காய்ச்சி வடிகட்டின தண்ணீர் எடுத்துப் போங்கள். ஆகாய கங்கைக்கு நிறையப் படி இறங்க வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் மேலேயே இருந்து அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டால் போதும். போகிற வழியில் சேந்தமங்கலத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி, பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டியின் கதையைச் சொல்லுங்கள்.