பிட் நோட்டீஸில் இருந்த இருபது பேர்

அஞ்செட்டியைத் தாண்டி ஒகேனக்கல் போகிற வழியில் இருக்கிறது நாட்றாம்பாளையம். அங்கே கேழ்வரகுக் காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டு ஓசூருக்குப் பிழைக்க வந்தவர் என் கட்சிக்காரர். ஓட்டல், ஐ.டி. கம்பெனி, அடுக்குமாடி வீடு என்று போய் கார்ப்பெட்டும் சோபாவும் கழுவித் தருகிற தொழில். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கர்நாடக எல்லை தாண்டி, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம். வாடகை ஆட்டோவில் மெஷினை ஏற்றி இறக்கிச் சலித்துப்போய், கடன் போட்டு ஒரு மூடிய சரக்கு வேன் வாங்கினார். ஏழாம் மாதமே பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்து, ஆக்ஸிலும் கெட்டுப்போனது. “ஓவர் லோடு ஏத்தியிருக்கீங்க, வாரண்டி கிடையாது” என்றது ஷோரூம்.

ஷோரூம் இருந்தது கர்நாடகத்தில். 1986ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டப்படி என்றால் இவரும் பெங்களூரு வாய்தாக்களுக்கு அலைந்திருக்க வேண்டியதுதான். 20 ஜூலை 2020 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலோ பிழைப்பு நடத்தும் ஊரிலோ வழக்குப் போடலாம் என்கிறது. எல்லையோரத்து மக்களுக்கு இந்த ஒரு பிரிவு பெரிய வரம். கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்தோம். வேனின் விலை ஐந்து லட்சத்துக்கு மேல், பத்துக்குள். ஆகவே கட்டணம் 200 ரூபாய்.

எதிர்த்தரப்பின் பதில் மனுவில் முதல் ஆட்சேபணை எதிர்பார்த்ததுதான்: இவர் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர், நுகர்வோரே அல்ல. கூடவே இணைத்திருந்த ஆவணத்தைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஆள் வீடுவீடாகப் போட்ட பிட் நோட்டீஸ்! “அனுபவமிக்க 20 பேர் கொண்ட குழு” என்று கொட்டை எழுத்தில்.

“எல்லாரும் அப்படித்தான் சார் போடுறாங்க. மூணு பேருன்னு போட்டா கம்பெனிக்காரன் கேட்டுக்குள்ளயே விடமாட்டான்” என்றார்.

அந்த மூன்று பேர் யார்? இவர், இவருடைய மச்சான், ஒரு பையன்.

இந்த இடத்தில் உதவிக்கு வருவது 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன லக்ஷ்மி இன்ஜினியரிங் தீர்ப்பு. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் மெஷின் வாங்கியவர் தொடுத்த வழக்கு. வாங்கியவர் தோற்றுப்போனார். ஆனால் அந்தத் தீர்ப்பை இன்றுவரை அதிகம் தூக்கிக்கொண்டு ஓடுவது வாங்கியவர்களின் வக்கீல்கள்தான். காரணம், அதில் நீதிபதி ஜீவன் ரெட்டி தந்த உதாரணங்கள். ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். லேத் வாங்கித் தானே இயக்குபவரும் நுகர்வோர். அடைப்புக்குறிக்குள் இன்னொரு வரி: துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த அடைப்புக்குறிதான்.

மூன்று பேர்தான் என்று எப்படி நிரூபிப்பது? தொழிற்பேட்டைப் பழக்கம் கைகொடுத்தது. எந்தக் கம்பெனியிலும் மெஷின் உள்ளே போய் வெளியே வர கேட் பாஸ் வேண்டும். அதன் கார்பன் நகல்களை ஒன்றையும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார் மனிதர். வாக்யூம் கிளீனர், ஸ்க்ரப்பர், ஷாம்பு கேன் என்ற பட்டியலுக்குக் கீழே எல்லாத் தாளிலும் அதே மூன்று பெயர்கள், அதில் முதல் பெயர் இவருடையது. பிட் நோட்டீஸ் விளம்பரம், கேட் பாஸ் உண்மை என்று வாதிட்டேன்.

ஓவர் லோடு என்ற இரண்டாவது ஆட்சேபணை லேசுப்பட்டதல்ல. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும்: காலி வண்டியின் எடை, லோடோடு சேர்த்த மொத்த எடை. இவர் வண்டியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 600 கிலோ. ஆட்களின் எடையும் அதற்குள்தான் அடக்கம். பெங்களூரு குடியிருப்புகளில் உப்புத் தண்ணீர். அதில் கழுவினால் ஷாம்பு நுரைக்காது, கார்ப்பெட் காய்ந்ததும் வெள்ளை பூக்கும். அதனால் வீட்டிலிருந்தே 400 லிட்டர் நல்ல தண்ணீர் கொண்டுபோனார். லிட்டருக்கு ஒரு கிலோ. டேங்க், மெஷின்கள், மூன்று ஆட்கள் எல்லாம் சேர்த்தால் 700ஐத் தாண்டுகிறது. வேலை முடிந்து திரும்பும்போதாவது குறையுமா என்றால், கார்ப்பெட்டிலிருந்து உறிஞ்சிய அழுக்குத் தண்ணீரைக் கொட்ட இடம் கிடைக்காமல் அதையும் சுமந்து வந்திருக்கிறார்.

எங்களைக் காப்பாற்றியது ஷோரூம் கொடுத்த கொட்டேஷன். அதன் ஓரத்தில் சேல்ஸ்மேன் பேனாவால் எழுதியிருந்தார்: கார்ப்பெட் வாஷ், 400 லி. டேங்க், 3 ஆள், இந்த மாடல் போதும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆவது பிரிவு: வாங்குபவர் இன்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தாங்க வேண்டும். குறிப்பிட்ட பிராண்டைக் கேட்டு வாங்கினால் இது பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கப் பார்த்தார். இவர் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, எது தாங்கும் என்றுதான் கேட்டார். மாடலைத் தேர்ந்தெடுத்தது சேல்ஸ்மேன் என்று அந்தப் பேனா எழுத்தையே காட்டினேன்.

ஆணையம் இவரை நுகர்வோர் என்று ஏற்றது. பழுதுபார்த்த செலவையும் இழுத்துவந்த கூலியையும் ஷோரூம் தர வேண்டும் என்றது. வேனின் விலையைத் திருப்பித் தரச் சொல்லவில்லை, மன உளைச்சலுக்கும் எதுவும் இல்லை, ஆர்.சி. இவர் கையிலும்தானே இருந்தது என்றார்கள். நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. மாநில ஆணையத்துக்கு அப்பீல் போவதென்றால் உத்தரவான தொகையில் பாதியை முதலிலேயே கட்ட வேண்டும். ஷோரூம்காரர்கள் போகவில்லை, முழுப் பணத்தையும் கட்டிவிட்டார்கள்.

அந்த வேனை விற்றுவிட்டு அடுத்த வண்டி பார்க்கும்போது, காசு கொடுப்பதற்கு முன்பே மூன்று கொட்டேஷன்களோடு ஆபீசுக்கு வந்தார். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, மோட்டார் வாகனச் சட்டம் 66(3) அப்படிச் சொல்கிறது. தினமும் எல்லை தாண்டுகிறவருக்கு அதுவே பாதி நிம்மதி. கார் லைசென்ஸே போதுமா என்ற கேள்விக்கும் விடை வந்துவிட்டது: 7500 கிலோவுக்குள் என்றால் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. மிச்சம் இருந்தது எடைக் கணக்கு. அதை அவரே ஒரு தாளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டேங்கை 250 லிட்டராகக் குறைத்திருந்தார். மூன்று கொட்டேஷன்களில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் ஷோரூம் முத்திரையோடு லோடு விவரம் எழுதியிருந்தது. மற்ற இரண்டு இடத்திலும் எழுதித் தர மறுத்துவிட்டார்களாம். விலை கொஞ்சம் கூடுதல்தான் என்றாலும் எழுதிக் கொடுத்த இடத்திலேயே வாங்கினார்.