நெடி இறங்கும் காலம்

போரைப் பிரித்ததும் முதலில் கண்தான் எரிந்தது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வியாபாரியின் கிட்டங்கி. இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, புழுங்குவதற்காகச் சாக்குப் போட்டு மூடிய புகையிலை. இரண்டு பெண்கள் முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, உள்ளே இருந்த கட்டுகளை ஓரத்துக்கும் ஓரத்தில் இருந்தவற்றை நடுவுக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நடுப்போரில் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார் மேஸ்திரி. விட்ட வேகத்தில் எடுத்தேன். சூடு 50 டிகிரி செல்சியஸை எட்டுகிற சமயத்தில் போரைக் கலைத்துத் திருப்பிப் போட வேண்டும். விட்டுவிட்டால் இலை வெந்து, வாசனை செத்துப்போகும். அங்கே வெப்பமானி எதுவும் கண்ணில் படவில்லை. மேஸ்திரியின் முழங்கைதான் கணக்கு.

கண்ணை எரித்தது அம்மோனியா. இலையில் இருந்த புரதம் சிதையச் சிதைய அது வெளியேறுகிறது. நிக்கோடினும் ஓரளவு குறைகிறது. செடியின் உச்சியில் வெயிலை நேராக வாங்கிய தடித்த இலைகளுக்குத்தான் இந்தப் புழுக்கம் அதிகம் வேண்டும். கொழுந்தைக் கிள்ளிப் பக்கக் கிளைகளையும் ஒடித்துவிடுவதால், வேரில் உண்டாகி மேலேறும் நிக்கோடின் இருக்கிற இலைகளிலேயே தங்கிவிடுகிறது. ஒரு சுருட்டைக் காட்டமாக்குவது பெரும்பாலும் இந்த மேல் இலைகள்தான். கீழ் இலை சீக்கிரம் பதத்துக்கு வந்துவிடும். மேல் இலைக்கு மாதங்கள் ஆகும், சமயத்தில் வருடங்கள்.

அங்கிருந்து சுருட்டு சுற்றும் திருச்சி உறையூர். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் திருச்சிச் சுருட்டு பிடித்தவன் என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். அந்த அளவுக்கு லண்டனில் பெயர் வாங்கிய சரக்கு. சர்ச்சில் பிடித்ததும் எங்கள் ஊர்ச் சுருட்டுதான் என்று இங்கே பேச்சு உண்டு. அந்தப் பெருமையை நம்பிப் போனால் பார்க்கக் கிடைப்பது ஓட்டுக் கூரைக்குக் கீழே பலகை முன்னால் குந்தியிருக்கும் சில வயதானவர்கள்.

அவர்களில் மூத்தவர் கையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நடு நரம்பு கிழித்த உள்ளிலையை உள்ளங்கையில் நீளவாக்கில் மடித்துச் சேர்க்கிறார். கட்டைவிரல் அங்கங்கே அழுத்திப் பார்க்கிறது. கெட்டியான இடம் தென்பட்டால் ஒரு நறுக்கை உருவி எறிகிறார். அங்கே புகை அடைத்துக்கொள்ளுமாம். மேலிலை ஈரமாக இருந்தால்தான் விரியாமல் சுற்ற வரும். தொல்லையும் அந்த ஈரத்தில்தான். அடங்கிக் கிடந்த புழுக்கம் சுருட்டுக்குள் மறுபடி தலைதூக்கி, சில வாரங்களுக்கு அம்மோனியா நெடி அடிக்கும்.

“சுத்தின கையோட பிடிச்சிரணும் தம்பி. இல்லேன்னா ஆறு மாசம் அந்தப் பக்கம் போகக் கூடாது. புது அரிசி குழையுற மாதிரிதான் இதுவும்” என்றார்.

சோதித்துப் பார்த்தேன். சில வாரத்துச் சுருட்டு ஒன்று. இரண்டாவது இழுப்பிலேயே தொண்டை கமறி, நெற்றி வியர்த்தது. நாக்கில் கசப்பைத் தவிர ஒன்றும் நிற்கவில்லை. பிறகு பெரியவர் தனக்கென்று பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்ததிலிருந்து ஒன்றைத் தந்தார். ஏறக்குறைய அதே கலவை, இரண்டு வருடம் ஆனது. காட்டம் இருந்தது; தலை லேசாகக் கிறுகிறுத்ததே சாட்சி. கமறல்தான் போயிருந்தது. அது விலகிய இடத்தில் வறுத்த புளியங்கொட்டை வாசம், பின்னாலேயே மெல்லிய தேன் வாடை. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டினாய்டுகள் புகையிலையிலும் உண்டு. அவை உடைந்து பிறக்கும் பொருள்களுக்குப் பூவும் தேனும் கலந்த மணம். புது இலையின் நெடி அதை மூக்குக்கு எட்ட விடுவதில்லை. காட்டம் குறைந்த சுருட்டை இப்படிப் போட்டு வைத்தால் சப்பென்று ஆகிவிடும். கழிய ஏதாவது இருந்தால்தானே மிஞ்சுவதற்கும் இருக்கும்! காட்டமானதற்கும் எல்லை உண்டு. மணத்தைத் தாங்கும் எண்ணெய்கள் காற்றோடு போய்க்கொண்டேதான் இருக்கின்றன.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழசாவதால் சுருட்டு சாதுவாகிவிடுவதில்லை. புற்றுநோய்க்குக் காரணமான நைட்ரோசமைன்கள் இலையைப் பாடம் போடும்போதும் இருப்பு வைக்கும்போதும் உண்டாகின்றன; காலம் அவற்றை எடுத்துவிடாது. தொண்டைக்கு இதமாக இருப்பதை உடம்புக்கு இதமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுருட்டை முதிரவைக்க 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதமும் மிதமான குளிர்ச்சியும் வேண்டும். திருச்சியின் சித்திரை வெயிலில் மேலிலை வெடிக்கும், ஐப்பசி மழையில் பூஞ்சணம் பூக்கும், புழுக்கத்தில் வண்டு துளைக்கும். சமாளிக்க அறை கட்டலாம்தான். அறையை விடப் பெரிய செலவு காத்திருப்பது. ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றியதை உடனே விற்றால்தான் அடுத்த வாரக் கூலி. காலம் செய்ய வேண்டிய வேலையைச் சர்க்கரைப் பாகும் பழ எசன்சும் கலந்த தண்ணீர் அவசரமாகச் செய்து முடிக்கிறது. கெட்ட ருசி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இனிப்பு முதல் அரை அங்குலத்தோடு சரி.

வாங்குகிறவர்களிலும் பலர் பிடிப்பதற்காக வாங்குவதில்லை. ஆடி பிறந்தால் கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் படையலுக்குக் கட்டுக் கட்டாகப் போகிறது. படையலுக்கு வாங்குகிறவர்கள் கேட்பது நீளமும் விலையும். சுருட்டின் வயதைக் கேட்பாரில்லை.

இரண்டு வருடச் சரக்காக ஒரு கட்டு விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார்.

“புதுசா வாங்கிட்டுப் போய் உங்க வீட்டுல வச்சுக்குங்க தம்பி. இங்க வச்சா வட்டியில்ல ஓடும்.”