தண்ணி எங்கே போகுது?

எங்கள் வேனுக்கு என்னைவிட வயது கூட. டொயோட்டா டவுன்எய்ஸ், டூ-சீ டீசல் என்ஜின். ஜப்பானில் யாரோ ஓடி முடித்தபிறகு இலங்கைக்கு வந்தது. வாப்பா அதைப் புத்தளத்தில் வாங்கினார். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி சனம் படகேறிக் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கியது. அன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போன குடும்பத்துக்கு, பல வருடம் கழித்து வந்த முதல் வாகனம் இது. யுத்தம் முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். உம்மம்மா புத்தளத்திலேயே தங்கிவிட்டார். முழங்கால் வருத்தம், பஸ் ஏறமாட்டார். மதவாச்சி, அநுராதபுரம் சுற்றி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வேன் ஓடினால்தான் அவருக்கு ஊர்.

போன வருடம் அந்த வேன் தண்ணி குடிக்கத் தொடங்கியது. ரேடியேட்டரை நிரப்பிவிட்டு மதவாச்சி வரை போனால் ஒரு லீற்றர் குறைந்திருக்கும். வீட்டு முற்றத்தில் நிறுத்தினால் நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. மன்னார் டவுனில் ஒரு கராஜில் காட்டினோம். பாஸ் முன் சீட்டைத் தூக்கி, ரெண்டு நிமிசம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹெட் வெடிச்சிட்டு. என்ஜின் மாத்துறதுதான் நல்லது." அவர் சொன்ன தொகை வேனின் விலையில் பாதி. வாப்பா அன்றிரவே வேனை விற்கும் பேச்சை எடுத்துவிட்டார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு பழைய வேனுக்கே குதிரை விலை ஆகியிருந்தது. விற்றால் திரும்ப வாங்க முடியாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பாஸ் சொன்னது ஒரேயடியாகப் பொய் என்றும் சொல்ல ஏலாது. டூ-சீ என்ஜின் சூடேறினால் ஹெட்டில் வெடிப்பு விழும் என்று பெயரெடுத்தது. ஆனால் வெடித்திருந்தால் அதற்கு அடையாளம் இருக்க வேண்டுமே! அதை யாரும் பார்க்கவில்லை.

படகு என்ஜின்களைத் திருத்துகிற எங்கட சாச்சாதான் அதைப் பார்க்கச் சொன்னார். ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தோம். ஒயில் கறுப்பாகத்தான் இருந்தது. தண்ணி கலந்திருந்தால் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருக்கும். விடிய, என்ஜின் ஆறிக் கிடக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினோம். வெடிப்பு வழியாக எரிவாயு உள்ளே புகுந்தால் தண்ணி விடாமல் குமிழி கக்கும். குமிழி வரவில்லை. மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று இருந்தது. ஹெட் போனதென்றால் சூடேற முந்தியே அது கல்லாகிவிடும். வெள்ளைப் புகையும் இல்லை. இவ்வளவும் பார்க்கச் சல்லிக்காசு செலவில்லை. (மூடியை மட்டும் சூட்டோடு திறந்துவிடாதீங்க. முகம் வெந்துபோகும்.)

"அப்ப தண்ணி வெளியிலதான் போகுது மகன்," என்றார் சாச்சா. "ஓடக்குள்ள போகுது. நிப்பாட்டினா நிக்குது."

காரணம் அழுத்தம். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியில்லை, அது ஒரு வால்வு. பெரும்பாலான மூடிகளில் 0.9 என்று அடித்திருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணி 100 பாகையில் கொதிக்காது, 118 பாகை வரை தாங்கும். என்ஜின் சூடேறினால்தான் அந்த அழுத்தம் வரும். ஊசிமுனை ஓட்டை அப்போதுதான் பீச்சும். ஓடுகிற காற்றிலும் சூட்டிலும் உடனே காய்ந்துவிடும். ஆறினால் ஓட்டை ஊமையாகிவிடும். முற்றத்தில் எவ்வளவு நேரம் குனிந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வாப்பா வருடக்கணக்காக ஊற்றியது கூலன்ட் இல்லை, கிணத்துத் தண்ணி. எங்கட தீவில் பல கிணறுகள் உவர். "கூலன்ட் குளிர் நாட்டுக்காரனுக்குத்தான்" என்பது ஊரில் பலரும் சொல்கிற கதை. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையை உயர்த்துவதும் உள்ளே துரு பிடிக்காமல் காப்பதும் இந்த வெயிலுக்கும் உப்புக்கும்தான் கூடத் தேவை. அதோடு அதற்கு நிறம் உண்டு. ஒழுகிக் காய்ந்தாலும் சிவப்பாகவோ பச்சையாகவோ படிவு விட்டுப்போகும். வெறும் தண்ணி தடயம் வைக்காத கள்ளன்.

சாச்சா தனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து பிரஷர் டெஸ்டர் இரவல் வாங்கி வந்தார். சைக்கிள் பம்ப் மாதிரிதான். மூடி இருக்கும் இடத்தில் பொருத்தி அடித்தால் என்ஜினை ஓடவிடாமலே அதே அழுத்தம் கிடைக்கும். 0.9 வரை அடித்தோம். முள் மெல்ல மெல்ல இறங்கியது. நான் டோர்ச்சோடு கீழே படுத்தேன். ரேடியேட்டர் காய்ந்து கிடந்தது. ஹோஸ் கிளிப்புகளிலும் ஈரமில்லை. வோட்டர் பம்பில் சீல் தேய்ந்தால் தண்ணி கசிவதற்கென்றே ஒரு சின்னத் துளை இருக்கும், அதுவும் காய்ந்திருந்தது. அப்போது பின் பக்கம் எங்கேயோ டிக், டிக் என்று கேட்டது. என்ஜின் முன்னால் இருக்க, பின் சீட்டுக்குக் கீழே என்ன தண்ணி?

ஹீட்டர் தண்ணி! ஜப்பான் பனிக்காலத்தில் பின்னால் இருப்பவர்களுக்கும் குளிரக்கூடாது என்று, என்ஜினிலிருந்து சுடுதண்ணியைப் பின் ஹீட்டருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர, அடித்தட்டுக்குக் கீழே இரண்டு இரும்புக் குழாய்கள் ஓடுகின்றன. மன்னாரில் யார் ஹீட்டர் போடுவார்? அந்தச் சுவிட்சை நாங்கள் தொட்டதே இல்லை. ஆனாலும் குழாயில் தண்ணி நிற்கும், அழுத்தமும் இருக்கும். வெளியே கடற்காத்து, உள்ளே உவர்த் தண்ணி. இரண்டு பக்கமும் தின்று, ஒரு கிளாம்புக்குப் பின்னால் குழாய் அரித்துப்போய் இருந்தது. கை வைத்ததும் துரு பொரிந்து விழுந்தது.

திருத்தம் ஒரு மணித்தியால வேலை. பின்னுக்குப் போகிற வழியையும் வருகிற வழியையும் முன்னாலேயே ஒரு ரப்பர் ஹோஸால் வளைத்து இணைத்தோம். ஹோஸும் கிளிப்பும் மூவாயிரம் ரூபாய்க்குள். உள்ளே பலமுறை கழுவி, பற்றரித் தண்ணியோடு கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். திரும்ப அடித்தபோது முள் அசையவில்லை. வாப்பா அரை மணித்தியாலம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு புத்தளத்துக்குக் கோல் எடுத்து, "வெள்ளிக்கிழமை வாறோம், உடுப்ப எடுத்து வைங்க" என்றார்.

உம்மம்மா வந்து மூன்று கிழமை இருந்தார். பழைய குழாய்கள் இரண்டும் இன்னும் கீழே தொங்குகின்றன. சத்தம் போடத் தொடங்கினால் வெட்டி எடுப்பதாகச் சாச்சா சொல்லியிருக்கிறார்.